தேவாலயப் பதிவேடுகளில் ஆங்கிலேயர் குடும்ப வரலாறு: பென்னிகுயிக்கை முன்வைத்து

முன்னுரை

கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவரின் பூர்வீகத்தை விசாரிக்கும்போது, "நீங்க யார் வகையறா?" என்று கேட்பது வழக்கம். குலதெய்வக் கோவில், பங்காளிகள், சீர்முறை, பெரியவர்களின் நினைவு ஆகியவற்றைக் கொண்டு நான்கைந்து தலைமுறைகளைச் சொல்லிவிட முடியும். இங்கிலாந்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் ஏடுகளே செய்துவந்தன. அங்கே ஒவ்வொரு பங்குத் தேவாலயத்திலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றும் எழுதிவைக்கப்பட்டன. அந்த ஏடுகளின் துணையால் அரச குடும்பத்தார் மட்டுமின்றி, ஒரு கூலி உழவரின் வழிவந்தவரும் தம் முன்னோரைப் பல தலைமுறைகள் வரை தேட முடிகிறது.

தேனி மாவட்டத்தினருக்கு இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் பிறந்த நாளான ஜனவரி 15-ஐ இப்பகுதி மக்கள் பொங்கல் வைத்துக் கொண்டாடுகின்றனர். பலர் தங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியுள்ளனர். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் உள்ளது. பின்னாளில் வெட்டப்பட்ட 18-ஆம் கால்வாய், அந்த அணையின் நீரைத் தேவாரம், போடி பகுதிக் கண்மாய்கள் வரை கொண்டுவருகிறது. இவ்வளவு நெருக்கமாக நினைக்கப்படும் ஒருவரின் குடும்பத்தைப் பற்றி எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்பதை அறிய, இப்பதிவேடுகளைப் படிக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும்.

பதிவேடுகளின் தோற்றம்

1538-ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றி மன்னரின் ஆட்சியில் அவருடைய அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கிலும் நடக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குருவானவர் வாரந்தோறும் ஒரு ஏட்டில் எழுத வேண்டும், அந்த ஏட்டை இரண்டு பூட்டுகள் கொண்ட பெட்டியில் வைக்க வேண்டும் என்பது அந்த ஆணை. புதிதாக வரி போடத்தான் இந்தக் கணக்கெடுப்பு என்று மக்கள் அஞ்சினர்.

தொடக்கத்தில் பல பங்குகளில் காகிதத்திலேயே எழுதினர். அவை சிதையத் தொடங்கியதால், 1598-இல் பழைய பதிவுகளைத் தோல் ஏடுகளில் படியெடுக்குமாறு ஆணையிடப்பட்டது. முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சி தொடங்கிய 1558 முதலான பதிவுகளையாவது கட்டாயம் எழுத வேண்டும் என்று அதில் அழுத்தம் தரப்பட்டது. சோம்பல்பட்டவர்கள் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளை அப்படியே விட்டுவிட்டனர். இன்று பல ஊர்ப் பதிவேடுகள் 1558-இல் தொடங்குவதற்கு இதுவே காரணம். ஆண்டுதோறும் ஒரு படியை ஆயருக்கு அனுப்பும் வழக்கமும் அப்போதுதான் நிலைபெற்றது. மூல ஏடு தீயிலோ வெள்ளத்திலோ அழிந்துபோன ஊர்களில் இந்த ஆயர் படிகளே கைகொடுக்கின்றன.

கத்தோலிக்க நாடுகளிலும் இதே நூற்றாண்டில் இம்முறை வந்தது. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம், ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிவு செய்வது பங்குத்தந்தையின் கடமை என்று விதித்தது. தமிழகத்துக் கத்தோலிக்கக் கோவில்களின் பதிவேடுகள் இந்த மரபில் வந்தவை.

மூன்று ஏடுகளும் தரும் செய்திகள்

பழைய பதிவுகள் மிகச் சுருக்கமானவை. "வில்லியம் மகன் தாமஸ், ஞானஸ்நானம்" என்ற அளவிலேயே ஒரு மனிதரின் வரவு முடிந்துவிடும். காலப்போக்கில் சட்டங்கள் விவரங்களைக் கூட்டின.

ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த 1753-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோவிலில் அறிவிப்புச் செய்ய வேண்டும் அல்லது உரிமம் பெற வேண்டும். நம் ஊர்க் கத்தோலிக்கர் 'ஓலை வாசித்தல்' என்று சொல்வது இந்த அறிவிப்பைத்தான். மணமக்களும் இரண்டு சாட்சிகளும் ஏட்டில் கையொப்பமிட வேண்டும். எழுதத் தெரியாதவர் நம் ஊரில் கைநாட்டு வைப்பதுபோல, அங்கே ஒரு பெருக்கல் குறி போட்டனர். எனவே இந்த ஏடு குடும்ப உறவை மட்டுமின்றி, அக்குடும்பத்தில் யார் எழுதக் கற்றிருந்தனர் என்பதையும் ஓரளவு காட்டுகிறது.

1812-இல் வந்த சட்டத்தால், 1813 ஜனவரி 1 முதல் ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் அச்சிட்ட படிவங்கள் வந்தன. ஒரு பக்கத்துக்கு எட்டுப் பதிவுகள். ஞானஸ்நானப் படிவத்தில் குழந்தையின் பெயர், பெற்றோரின் பெயர், வசிப்பிடம், தந்தையின் தொழில், சடங்கை நடத்திய குருவானவர் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. அடக்கப் படிவத்தில் பெயர், வசிப்பிடம், அடக்க நாள், வயது, நடத்தியவர் ஆகியவை இடம்பெற்றன.

1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் அரசே பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதியத் தொடங்கியது. அன்றுமுதல் திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் சேர்ந்தன. தாயாரின் பெயருக்கு அதில் இடமில்லை. அந்தக் கட்டம் சேர்க்கப்பட்டது 2021 மே மாதத்தில்தான். இடைப்பட்ட 180 ஆண்டுகளுக்கும் மேலான திருமணப் பதிவுகளில் தாய்வழியைத் தேடுவோர், வேறு ஏடுகளின் துணையை நாட வேண்டியுள்ளது.

இந்தியாவிலிருந்து இலண்டனுக்கு

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்த வழக்கத்தைத் தங்களோடு கொண்டுவந்தனர். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயம் 1680-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அங்கு நடந்த முதல் திருமணம், பின்னர் சென்னை ஆளுநரான எலிஹு யேலுடையது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரைத் தாங்கியது. ராபர்ட் கிளைவ், மார்கரெட் மாஸ்கலின் திருமணம் 1753-இல் அதே கோவிலில் நடந்தது.

இந்தியாவில் இருந்த குருமார் தங்கள் பதிவுகளின் படிகளை மாகாணத் தலைநகருக்கு அனுப்பினர். அங்கிருந்து அவை இலண்டனுக்குச் சென்றன. சென்னை மாகாணப் படிகள் 1698 முதலும், பம்பாய் மாகாணப் படிகள் 1709 முதலும், வங்காள மாகாணப் படிகள் 1713 முதலும் கிடைக்கின்றன. இவை இன்று இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. இந்தியாவில் பிறந்து, மணந்து, இறந்த ஆங்கிலேயர்களைத் தேடுவோருக்கு இதுவே முதல் வாசல். 1998-இல் தொடங்கப்பட்ட 'பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் கழகம்' இப்பதிவுகளுக்குப் பெயரடைவு தயாரித்து இணையத்தில் தருகிறது.

கல்லறைகளும் துணைச்சான்றாகின்றன. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்த சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுப் பட்டியல் 1905-இல் வெளிவந்தது. மூலக் கல் சிதைந்துபோன இடங்களில் இந்நூலே எஞ்சியுள்ளது.

பென்னிகுயிக் குடும்பம்: பின்னோக்கி ஒரு தேடல்

குடும்ப வரலாற்றுத் தேடலின் முதல் விதி, தெரிந்த கடைசி நிகழ்விலிருந்து பின்னோக்கிச் செல்வது. பென்னிகுயிக்கின் கதையை இம்முறையில் பார்க்கலாம்.

அவர் 1911 மார்ச் 9 அன்று இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் உள்ள கேம்பர்லியில் காலமானார். அருகிலுள்ள ஃபிரிம்லி புனித பேதுரு தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தேனி மாவட்டத்திலிருந்து இங்கிலாந்து செல்வோர் இன்றும் அக்கல்லறைக்குச் சென்று வணங்கி வருகின்றனர். 2022-இல் தமிழ்நாடு அரசு கேம்பர்லியில் அவருக்குச் சிலை நிறுவியது. அடக்கப் பதிவேட்டில் உள்ள வயதுக் கட்டமே அடுத்த படிக்கு வழிகாட்டும். 1911-இல் 70 வயது என்றால் பிறந்தது 1840-ஐ ஒட்டி. இங்கிலாந்துப் பங்குகளின் பழைய ஏடுகள் 1978-ஆம் ஆண்டு விதிப்படி மாவட்ட ஆவணக் காப்பகங்களில் சேர்க்கப்படுகின்றன. சர்ரே மாவட்டத்துக்கு அந்தக் காப்பகம் வோக்கிங் நகரில் உள்ள சர்ரே வரலாற்று மையம்.

அடுத்த படி திருமணம். 1879-இல் அவர் கிரேஸ் ஜார்ஜியானா சாமியர் என்பவரை மணந்தார். சாமியர் குடும்பத்தார் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்தவர்கள். எனவே இந்தக் கிளையைத் தேடுவோர் சென்னை மாகாணப் படிகளைத்தான் முதலில் புரட்ட வேண்டும். இத்தம்பதிக்கு ஐந்து மகள்கள், ஒரு மகன். மகன் சர் ஜான் பென்னிகுயிக் இங்கிலாந்தில் புகழ்பெற்ற நீதிபதியாக இருந்து 1982-இல் மறைந்தார். மகள்களின் வழி வந்தவர்களைத் தேடுவது கடினம். திருமணத்தோடு குடும்பப் பெயர் மாறிவிடுவதால், ஒவ்வொரு மகளின் திருமணப் பதிவையும் கண்டபின்தான் அடுத்த தலைமுறைக்குச் செல்ல முடியும்.

பிறப்பு 1841 ஜனவரி 15, புனே. இங்கிலாந்தில் அரசுப் பதிவு தொடங்கி மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் பிறந்தது இந்தியாவில் என்பதால் அங்கு தேடிப் பயனில்லை. புனே அன்று பம்பாய் மாகாணத்தில் இருந்தது. ஆகவே தேட வேண்டியது பம்பாய்ப் படிகளில். கம்பம் பள்ளத்தாக்குடன் தொடர்புடையவர் என்பதால் சென்னைப் படிகளில் மட்டும் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். ஆளைத் தேடுமுன் அந்த ஆண்டில் அந்த ஊர் எந்த ஆட்சிப் பகுதியில் இருந்தது என்பதைத் தேட வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தந்தையின் பெயரும் ஜான் பென்னிகுயிக்தான். அவர் பிரிட்டிஷ் படையில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபின் சில்லியன்வாலாவில் சீக்கியப் படையுடன் நடந்த போரில் இறந்தார். அவருடைய மகன், 17 வயது அலெக்சாண்டரும் அதே களத்தில், தந்தையின் உடலருகே நின்று போரிட்டு மாண்டார். அப்போது அணை கட்டப்போகும் தம்பிக்கு எட்டாம் பிறந்த நாள் வர இரண்டு நாள்களே இருந்தன. பின்னர் அவர் செல்ட்டன்ஹாம் கல்லூரியிலும், கம்பெனியின் அடிஸ்கோம்ப் இராணுவக் கல்லூரியிலும் படித்து, 1860-இல் பொறியாளராகச் சென்னைக்கு வந்தார். தந்தையையும் தமையனையும் ஒரே நாளில் பறித்த நாட்டுக்குத்தான் அவர் திரும்பி வந்தார் என்பது, தேதிகளை அருகருகே வைக்கும்போதுதான் புலப்படுகிறது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் பாதை ஸ்காட்லாந்துக்குப் போகிறது. பென்னிகுயிக் என்பது எடின்பரோ அருகேயுள்ள ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர். ஸ்காட்லாந்தில் வேறு திருச்சபை, வேறு சட்டம், வேறு ஏடுகள். அங்கு அரசுப் பதிவு 1855-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய பங்கு ஏடுகள் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் ஒரு வசதி உண்டு. தாயாரின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரைப் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள்.

தேடுவோர் தடுமாறும் இடங்கள்

முதலாவது, ஞானஸ்நான நாள் பிறந்த நாள் அன்று. சில நாள்கள் முதல் சில ஆண்டுகள் வரை இடைவெளி இருக்கலாம். ஒரே நாளில் நான்கு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த குடும்பங்களும் உண்டு.

இரண்டாவது, ஆண்டுக் கணக்கு. 1752-க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. 1700 டிசம்பருக்குப் பின் வந்த பிப்ரவரியும் ஏட்டில் 1700 என்றே இருக்கும். இதை அறியாதவர், திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகத் தவறாக முடிவு செய்யக்கூடும்.

மூன்றாவது, எழுத்து. காதில் விழுந்ததைக் குருவானவர் எழுதினார். பென்னிகுயிக், பெனிகுக், பென்னிகுக் என்று ஒரே பெயரைத் தமிழில் நாமே பலவாறு எழுதுகிறோம். ஆங்கில ஏடுகளிலும் இதே நிலைதான். பெயரடைவில் ஒரே எழுத்துக்கூட்டலைத் தேடிவிட்டு, இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஜான் என்ற பெயர் தந்தைக்கும் மகனுக்கும் பேரனுக்கும் இருந்த இக்குடும்பத்தைப் போன்றவற்றில், பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. தொழில், ஊர், துணைவியின் பெயர் ஆகியவற்றில் ஒன்றாவது ஒத்துவர வேண்டும்.

நான்காவது, விடுபட்டோர். 1653 முதல் 1660 வரை, மன்னராட்சி இல்லாத காலத்தில், பல பங்குகளின் பதிவுகள் அறுபட்டுள்ளன. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி இருந்தது. ஏழைகளுக்கு விலக்கு இருந்ததால் திடீரெனப் பலர் 'ஏழை' என்று எழுதப்பட்டனர். சிலர் பதிவைத் தள்ளிப்போட்டனர். கத்தோலிக்கர், குவேக்கர், யூதர் போன்றோருக்குத் தனி ஏடுகள் இருந்தன.

பதிவேடு சொல்லாதவை

அணை கட்டப் பணம் போதாமல், பென்னிகுயிக் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றார் என்ற செய்தி கம்பம் பள்ளத்தாக்கில் பரவலாக வழங்குகிறது. இதைத் தேவாலயப் பதிவேட்டைக் கொண்டு மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதில் சொத்துக்கான கட்டமே இல்லை. பெரியாறு அணை சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் துறைத் திட்டம். அதன் செலவைச் சோதிக்க அரசின் கணக்குகளையும், அத்திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி 1899-இல் எழுதிய வரலாற்றையும் பார்க்க வேண்டும். குடும்பச் சொத்தைச் சோதிக்க உயில்களையும் நிலப் பத்திரங்களையும் பார்க்க வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்த ஏடு என்று பிரித்தறிவதே வரலாற்று மாணவரின் முதல் பயிற்சி. ஒரு செய்திக்கு ஏட்டில் சான்று தேடுவதால் அவர்மீதான நன்றி குறைந்துவிடாது.

இன்னொரு மௌனம் இதைவிடப் பெரியது. 1887 முதல் 1895 வரை நடந்த அணைப் பணியில் காய்ச்சலாலும் காலராவாலும் பலர் மாண்டனர். நோயால் இறந்தவர் 483 பேர் என்று குறிப்பிடப்படுகிறது. அணைக்கு அருகே காட்டுக்குள் அவர்களின் புதைகுழிகள் உள்ளன. அணையைக் கட்டிய அதிகாரி எங்கு பிறந்தார், யாரை மணந்தார், எங்கு அடக்கமானார் என்பதைக் கடல் கடந்தும் தேடிவிட முடிகிறது. அவருக்குக் கீழ் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் நம் நினைவில் ஓர் எண்ணாகவே நிற்கிறார்கள்.

போடி வழியாக ஏறிச் சென்றடையும் மூணாறிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். 1894-இல் காலராவால் இறந்த எலினார் இசபெல் நைட் என்ற இளம்பெண்ணின் கல்லறையே அங்கு முதலில் தோன்றியது. கிறிஸ்து தேவாலயத்துக்கு 1910-இல்தான் அடிக்கல் நாட்டினர். எனினும் அந்தத் தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டில் முதல் பெயர் எலினாருடையது. கோவில் வருமுன்னரே நேர்ந்த சாவுக்கும் பின்னர் ஏட்டில் ஓரிடம் கிடைத்தது. அதே மலையில் தேயிலைக் காட்டை உருவாக்கிய தமிழ்த் தொழிலாளர் பலருக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை.

ஓர் ஏடு எத்தனை நேர்மையாக எழுதப்பட்டிருந்தாலும், அது தன் வேலிக்குள் வந்தவர்களை மட்டுமே எழுதும். இங்கிலாந்தில் பங்கின் வேலிக்குள் ஏழையும் செல்வரும் இருந்ததால் அங்கே உழவர் வீட்டுப் பிள்ளையும் பதிவானது. இங்கே அந்த வேலி மிகச் சிறியது.

கம்பம் பள்ளத்தாக்கின் பதிவேடுகள்

நம் பகுதிக் கிறித்தவக் குடும்பங்களுக்கு இதே வழி திறந்திருக்கிறது. ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களில் கத்தோலிக்கப் பங்குகள் உள்ளன. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனும் பெரியகுளம் உள்ளிட்ட இடங்களில் பணிசெய்தது.

கத்தோலிக்கப் பழைய ஏடுகளில் பெயர்கள் இலத்தீன் வடிவில் இருக்கலாம். வீட்டில் ராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் பேத்ருஸ் ஆவார். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், யாகப்பன் யாக்கோபுஸ் ஆவர். இந்தப் பெயர் இணைகளை அறியாதவர் தம் சொந்தத் தாத்தாவையே கடந்துபோய்விடுவார். ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகியோரின் பெயர்களையும் விடாமல் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் மாமன், சித்தப்பா, அத்தை போன்ற உறவினரே ஞானப் பெற்றோராக நிற்பதால், பக்கத்துக் கிளை அங்கே தெரியவரும். சில ஏடுகளில் சாதியும் குறிக்கப்பட்டிருப்பதால், கண்டதைப் பொதுவெளியில் வைக்கும்போது உயிரோடிருப்போரின் தனியுரிமையை மதிக்க வேண்டும்.

1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டப்படி, தேவாலயத் திருமணப் பதிவு சட்ட ஆவணமும் ஆகும். ஆகவே வாரிசுச் சான்று, சொத்துரிமை ஆகியவற்றுக்காகவும் மக்கள் இந்த ஏடுகளைத் தேடி வருகின்றனர். தேவைப்படுவோர் பெயர், தோராயமான ஆண்டு, பெற்றோர் பெயர் ஆகியவற்றுடன் பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ எழுத்தில் கேட்பது முறை. கறையானும் ஈரமும் அரித்த ஏட்டைப் பிரித்துப் படியெடுப்பதைவிட, ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்து வைப்பது நல்லது.

முடிவுரை

பங்குத் தேவாலய ஏடுகள் மூன்றே நிகழ்வுகளைச் சொல்கின்றன: ஒருவர் வந்தார், சேர்ந்தார், போனார். அந்த மூன்று புள்ளிகளையும் இணைத்தால் ஃபிரிம்லி கல்லறையிலிருந்து புனே வரையும், அங்கிருந்து ஸ்காட்லாந்து வரையும் ஒரு கோடு கிடைக்கிறது. ஏடுகளுக்கு வெளியே நின்றவர்களுக்கு அத்தகைய கோடு இல்லை. அணை வேலைக்குப் போய்த் திரும்பாத கொள்ளுத்தாத்தாவைப் பற்றி இன்றும் பேசும் வீடுகள் இப்பள்ளத்தாக்கில் இருந்தால், அவர் பெயர், ஊர், சொன்னவர் பெயர், சொன்ன நாள் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம். 1538-இல் இங்கிலாந்தின் கிராமக் குருமார் தொடங்கியதும் இவ்வளவு எளிய வேலைதான்.